மூட்டுவலியும் மூலிகையும்: சித்த மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் தாயாருக்கு வயது 64. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. முடக்கத்தான் கீரை குணமாக்குமா, ஐயா?

பதில்: முடக்கை அறுப்பது என்று பெயரே சொல்வதால், இக்கீரையிடம் பலரும் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறார்கள். படி ஏறும்போது கூடி, உட்கார்ந்தால் தணியும் வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தால் வருவது. தேய்ந்த குருத்தெலும்பை எந்தக் கீரையும் திரும்ப வளர்ப்பதில்லை. ஒரு கைப்பிடி இலையை அரைத்துத் தோசை மாவில் கலந்து வாரம் இருமுறை கொடுங்கள். சிலருக்கு வயிறு இளகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதைவிட நான் நம்புவது நொச்சி ஒத்தடத்தைத்தான். இலையைச் சிறிது வேப்பெண்ணெய் விட்டு வதக்கி, துணியில் முடிந்து, சூட்டைப் புறங்கையில் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் ஒற்றி எடுத்தால் இறுக்கம் தளரும். அந்த நேரத்தில் காலை நீட்டித் தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியையும் செய்யச் சொல்லுங்கள், ஏனெனில் முழங்காலின் பாரத்தைத் தாங்குவது அத்தசையே.

கேள்வி: எனக்கு முடக்குவாதம். காலையில் ஒரு மணி நேரம் விரல்களை மடக்க முடிவதில்லை. இதற்கு உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறலாமா?

பதில்: கூடாது. உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டின் உள்ளுறையைத் தாக்கும் நோய் இது. வலி அடங்கியிருக்கும் நாளிலும் எலும்பு அரிக்கப்படலாம். அம்மருந்து கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்பதால், கஷாயம் எதையும் உங்கள் மருத்துவருக்குத் தெரியாமல் சேர்க்காதீர்கள். மூட்டு சிவந்து வீங்கியிருக்கும்போது சூட்டு ஒத்தடமும் வேண்டாம், எண்ணெயை அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம்.

கேள்வி: மூட்டுவலிக்கு மஞ்சள் பால் போதுமா, மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை வேண்டுமா?

பதில்: மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான், அதுவும் குடலிலிருந்து இரத்தத்தில் எளிதில் ஏறாது. மிளகிலுள்ள பிப்பெரினுடன் கொடுத்தபோது அது 20 மடங்கு கூடுதலாக ஏறியதாக 1998இல் வெளியான பெங்களூரு ஆய்வு காட்டியது. பாட்டிமார் மிளகைத் தட்டிப் போட்டது தொண்டைக்காகத்தான் என்றாலும் பலன் இதற்கும் உண்டு. ஆனால் வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் இம்மாத்திரையைத் தாமாக வாங்கக் கூடாது. இரத்தக் கசிவு ஏற்படலாம்.

கேள்வி: சந்தையில் வாங்கிய, பெயர்ச்சீட்டு இல்லாத சூரணத்தில் இரண்டே நாளில் வலி பறந்தது. மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். முகம் உப்பியிருக்கிறது.

பதில்: மூலிகை இவ்வளவு விரைவில் வேலை செய்வதில்லை. ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றே ஐயப்படுகிறேன். திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவரைப் பாருங்கள்.