கூடலூரா, கடலூரா?

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் மாதம் ஒரு ஞாயிறு பதினைந்து பேர் கூடிப் பேசுகிறோம். எதில் தொடங்கினாலும் அரசியலிலோ சினிமாவிலோ போய் நிற்கிறது. அதிகம் பேர் சீண்டாத படிப்புத் துறைகளிலிருந்து எதையாவது கொண்டுவரலாமா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: தாராளமாக. ஆனால் 'ஊர்ப்பெயர் ஆய்வு: ஓர் அறிமுகம்' என்று ஆரம்பித்தீர்களோ, அடுத்த மாதம் ஐந்து பேர்தான் வருவார்கள். துறையின் வரலாறு கிடக்கட்டும், அது வேலை செய்யும் முறையை மட்டும் கடன் வாங்குங்கள்.

ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். தெரு, குளம், வயல் என ஆளுக்கு மூன்று பெயர். வீட்டிலிருக்கும் பழைய பத்திரம், பட்டா, கல்யாணப் பத்திரிகையில் எப்படி எழுதியிருக்கிறது, பெரியவர்கள் வாயில் எப்படி வருகிறது, இரண்டையும் குறித்து வரட்டும். கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: கிடைத்ததிலேயே பழைய வடிவத்தைக் காட்டாமல் யாரும் பொருள் சொல்லக் கூடாது. இது தளர்ந்தால், 'கடலோரம் இருப்பதால் கடலூர்' என்று ஒருவர் அடித்துச் சொல்லிவிடுவார். ஆறுகள் கூடும் கூடலூர் என்ற பழைய பெயர் பேச்சிலேயே வராது.

அடுத்து, உங்கள் ஊரை ஒட்டியிருக்கும் குண்டு உப்பலவாடி என்ற கிராமம். 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலமும் சேர்த்து என்பது பேரம். சென்னையிலிருந்து பீரங்கி வந்தது, நாலாபுறமும் சுட்டார்கள், உள்ளே அகப்பட்டவை 'குண்டு கிராமங்கள்' ஆயின. உப்பலவாடிக்கு முன்னால் நிற்பது அந்தக் குண்டுதானா? 1690க்கு முந்தைய ஏடு ஒன்றில் அதே 'குண்டு' இருந்தால் விளக்கம் விழுந்தது. இந்தத் தேடலுக்கே இரண்டு ஞாயிறு போதாது.

மாறுதலுக்கு மகரந்த இயல், அதாவது பூந்தூளை ஆராயும் துறை. தேன் எந்தப் பூவிலிருந்து வந்தது என்று அதைக் கொண்டு தேடலாம். (புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இதற்கென்றே ஆய்வுக்கூடம் உண்டு.) 10 கிராம் தேனை 20 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள்; சூடு 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். அடி குறுகிய கண்ணாடிக் குழாயில் இரவு முழுக்க அசையாமல் வைத்தால் மகரந்தம் கீழே தங்கும். அடியிலிருந்து ஒரு சொட்டு, பள்ளி மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கு. முந்திரி, புளி, தென்னைப் பூக்களின் மகரந்தத்தை முன்பே ஸ்லைடாக்கி வையுங்கள். ஒப்பிட ஒன்றுமில்லாவிட்டால் உருண்டையும் முக்கோணமும் தெரியும், எந்தப் பூ என்று தெரியாது. நன்றாக வடிகட்டிய கடைத்தேனில் மகரந்தமே மிஞ்சாமல் போகலாம். பண்ருட்டிப் பக்கம் தேன்பெட்டி வைத்திருப்பவரிடம் வாங்குங்கள், அப்படியே அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.