வீட்டில் பிள்ளைப்பேறு: தனியார் மருத்துவிச்சிக்குப் பணம் கொடுக்கலாமா?

அன்புள்ள அக்கா,

நானும் கணவரும் லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். இது எனக்கு முதல் பிள்ளை, 22 வாரம் ஆகிறது. வீட்டிலேயே பெற்றெடுக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். பொதுச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்ஸின் மருத்துவிச்சிகள் கட்டணமின்றி வீட்டுக்கு வருவார்கள் என்றாலும், இதுவரை நடந்த ஒவ்வொரு சந்திப்பிலும் வேறொருவரைத்தான் பார்த்தேன். தனியாகத் தொழில் செய்யும் மருத்துவிச்சி ஒருவர், பேறு முடிந்து ஆறு வாரம் வரை தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி 5,500 பவுண்டுகள் கேட்கிறார். எங்கள் சேமிப்பே ஏறக்குறைய அவ்வளவுதான். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் என்னை வீட்டில் வைத்து மருத்துவிச்சியின் உதவியோடு பெற்ற அம்மாவோ, வைத்தியசாலைக்கே போகச் சொல்கிறார். இந்தச் செலவு தகுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் நிலையில் நான் இருந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்க மாட்டேன். அந்த மருத்துவிச்சியின் திறமையில் ஐயப்பட்டு இதைச் சொல்லவில்லை. பிரித்தானியாவில் என்.எச்.எஸ்ஸில் பணியாற்றுபவரானாலும் தனியாகத் தொழில் செய்பவரானாலும், மருத்துவிச்சி எவரும் தாதியர், மருத்துவிச்சியர் மன்றத்தின் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். பதிவு பெற்ற மருத்துவிச்சியோ வைத்தியரோ அல்லாத ஒருவர், அவசர நிலை தவிர, பேறு பார்ப்பது இங்கே சட்டப்படி குற்றம். ஆகவே 5,500 பவுண்டுகளுக்குக் கிடைப்பது கூடுதல் தகுதி அல்ல. இத்தனை மாதங்களும் உங்களைப் பார்த்துவந்தவரே வலி எடுக்கும் இரவிலும் வந்து நிற்பார் என்ற உறுதிக்குத்தான் அந்தப் பணம்.

அந்த உறுதியை நான் சிறிதாக எண்ணவில்லை. மகப்பேற்றுப் பிரிவுகளில் நம் பெண்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது, முன்பு நேர்ந்த கருச்சிதைவையோ வீட்டில் படும் துன்பத்தையோ புதியவர் ஒருவரிடம் சொல்லத் தயங்கி, எல்லாம் நலம் என்று முடித்துக்கொண்டவர்களை நிறையவே கண்டிருக்கிறேன். அதே பெண்கள், பார்த்துப் பழகிய மருத்துவிச்சி மீண்டும் வந்து அமர்ந்தால், கேட்காமலே மனம் திறப்பார்கள். தொடர்ந்து ஒரே மருத்துவிச்சியோ சிறு குழுவோ பார்க்கும் முறையில் கருவி வைத்துக் குழந்தையை எடுக்கும் பேறுகள் குறைவதையும் தாய்மாரின் மனநிறைவு கூடுவதையும் பல ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் மதிப்பாய்வுகள் காட்டியிருக்கின்றன. 2016ஆம் ஆண்டு ஜூலியா கம்பர்லெஜ் தலைமையில் இங்கிலாந்தின் மகப்பேற்றுச் சேவைகள் பற்றி வெளிவந்த அறிக்கை இந்தத் தொடர்ச்சியைப் பொதுச் சேவையிலேயே பெண்களுக்குத் தர வேண்டும் என்றது. ஆனால் அதற்குப் போதிய மருத்துவிச்சிகள் இல்லாததால், அதற்கென வைக்கப்பட்ட இலக்கை என்.எச்.எஸ் இங்கிலாந்து 2022 செப்டம்பரில் கைவிட்டது. எல்லாப் பெண்களுக்கும் கிடைத்திருக்க வேண்டிய ஒன்று இன்று பணம் உள்ளவருக்கே கிடைக்கிறது என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

ஆனால் உங்களுக்கு இது முதல் பிள்ளை. என் பதில் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. இங்கிலாந்தில் அபாயம் குறைந்த 64,000க்கும் மேற்பட்ட பேறுகளை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டு வெளியான 'பர்த்பிளேஸ்' ஆய்வின்படி, வீட்டில் பெறத் திட்டமிட்ட முதல்முறைத் தாய்மாரில் ஆயிரத்துக்கு 9.3 பேரின் குழந்தைகளுக்குக் கடுமையான தீங்கு நேர்ந்தது. வைத்தியர் பொறுப்பிலுள்ள வைத்தியசாலைப் பிரிவுகளில் அது 5.3 ஆக இருந்தது. இரண்டிலும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறந்தன என்பதைச் சேர்த்தே படியுங்கள். முன்பு பிள்ளை பெற்றவர்களிடையே இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

அதைவிட உங்கள் பணத்தை நேரடியாகத் தொடுவது இன்னொரு எண்: வீட்டில் பெறத் திட்டமிட்ட முதல்முறைத் தாய்மாரில் நூற்றுக்கு 45 பேர், வலியின்போதோ பிள்ளை பிறந்த உடனேயோ வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டார்கள். வலி நீண்டுபோவதும், முதுகில் போடும் எபிடியூரல் ஊசியைத் தாயே கேட்பதும் இத்தகைய மாற்றத்துக்கு வழக்கமான காரணங்கள். அந்த வைத்தியசாலையோடு பணி ஒப்பந்தம் இல்லாத தனியார் மருத்துவிச்சி, வாசலைத் தாண்டியதும் பொறுப்பை அங்குள்ளவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் துணையாகிவிடுவார். அந்தத் துணைக்கு மதிப்பில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சேமிப்பு முழுவதையும் கொடுத்து நீங்கள் எதிர்பார்ப்பது, அவரே உங்கள் பிள்ளையைக் கையில் ஏந்துவதை அல்லவா?

அதே ஆய்வில், மருத்துவிச்சிகளே நடத்தும் பேறு நிலையங்களில் முதல் பிள்ளை பெற்றவர்களுக்கும் தீங்கு கூடவில்லை, மருத்துவத் தலையீடுகளும் குறைவாகவே இருந்தன. பல நிலையங்களில் வலியின்போது அமர்ந்துகொள்ள நீர்த்தொட்டியும் உண்டு, கட்டணமும் இல்லை. வைத்தியசாலை வளாகத்திலேயே உள்ள அத்தகைய நிலையம் ஒன்றை முதலில் போய்ப் பாருங்கள். வீடுதான் வேண்டும் என்று மனம் நின்றால், வீட்டுப் பேறுக்கென்று உங்கள் பகுதி என்.எச்.எஸ்ஸில் தனிக் குழு இருக்கிறதா, ஆள் பற்றாக்குறையால் கடந்த ஓராண்டில் எத்தனை இரவுகள் சேவை நிறுத்தப்பட்டது என்ற இரண்டையும் கேளுங்கள். சிறு குழுவாக இருந்தால், பேறுக்கு முன்பே அவர்களில் பலரை நீங்கள் சந்தித்துவிடலாம்.

சேவை அடிக்கடி நின்றுபோகும் ஊரில், முதல் பேற்றில் மனம் உடைந்து இரண்டாவது பிள்ளையைச் சுமக்கும் பெண் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், கையில் பணம் இருக்குமானால் கொடுங்கள் என்றே எழுதியிருப்பேன்.

இதையெல்லாம் எண்ணிய பிறகும் கொடுக்க முடிவுசெய்தால், அந்த மருத்துவிச்சியின் காப்புறுதி பற்றி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2014 முதல் அது சட்டப்படி கட்டாயம். 2017 ஜனவரியில், தனித்தொழில் செய்த மருத்துவிச்சிகள் பலரின் காப்புறுதி போதாது என்று தாதியர், மருத்துவிச்சியர் மன்றம் அறிவித்ததால், அவர்களை நம்பியிருந்த கர்ப்பிணிகள் திகைத்து நின்றார்கள். கர்ப்பகாலத்தையும் பேற்றுக்குப் பிந்திய காலத்தையும் மட்டும் உள்ளடக்கும் காப்புறுதி உங்களுக்குப் பயன்படாது, பேறு நடக்கும் நேரத்துக்கும் அது செல்ல வேண்டும். இரண்டாவது மருத்துவிச்சியாக யார் வருவார், அவருக்குத் தனிக் கட்டணமா, வைத்தியசாலைக்கு மாற நேர்ந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

அம்மா சொல்வதில் முரண்பாடு இல்லை. வைத்தியசாலைக்குப் போக வழியற்ற நாளில் வீட்டில் பெற்றவர், வழி இருக்கும் மகளைப் போகச் சொல்கிறார். உங்கள் விருப்பத்தை மாற்றிக்கொள்ளாவிட்டாலும், அவர் பட்ட அச்சத்தைக் கேட்டு வையுங்கள்.

அந்தச் சேமிப்புக்கு எனக்குத் தோன்றும் நல்ல செலவு ஒன்று உண்டு. உங்கள் கணவருக்குச் சட்டப்படி கிடைக்கும் தந்தைமை விடுப்பு இரண்டு வாரம்தான். அதன்பின் அவர் ஊதியமின்றி இன்னும் சில வாரங்கள் வீட்டில் இருக்க அந்தப் பணம் உதவும். பாலூட்டக் கற்பதும் உறங்காத இரவுகளும் அப்போதுதான் உங்களை வருத்தும், என்.எச்.எஸ் மருத்துவிச்சியின் வருகையும் அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

கர்ப்பகால நீரிழிவு தெற்காசிய வழிவந்த பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவதால், 24 முதல் 28 வாரத்துக்குள் உங்களைக் குளுக்கோஸ் பரிசோதனைக்கு அழைப்பார்கள். நீரிழிவு இருப்பது தெரிந்தால் வைத்தியசாலையில் பெறவே அறிவுறுத்துவார்கள். எந்த முடிவை எடுப்பதானாலும், அந்தப் பரிசோதனையின் விடை கைக்கு வருவதற்கு முன் யாருக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.