சிக்னல்ல நின்னா மட்டும் சூடு ஏறுதா, முதல்ல ஃபேனைப் பாருங்க

ப்ரோ, நீங்க சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. ஜிஎஸ்டி ரோட்டுல 80ல போனா காரோட டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயே நிக்குது, தாம்பரம் சிக்னல்ல ஏசியோட அஞ்சு நிமிஷம் நின்னா சிவப்புக்கிட்ட போகுதுன்னா, ஓடும்போது எதிர்க்காத்தே ரேடியேட்டரை, அதாவது இன்ஜின் சூட்டை வெளிய தள்ளுற பாகத்தை, ஆத்திடுது, நிக்கும்போது அந்த வேலைய ஃபேன் பாக்கணும், அது பாக்கலைன்னுதான் தோணுது. மெக்கானிக் சொன்னார்னு உடனே ரேடியேட்டரை மாத்திடாதீங்க.

வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஏசி போடுங்க, கொஞ்ச நேரத்துல ஃபேன் சுத்தணும். சுத்தலைன்னா ஃபியூஸ், அப்புறம் ரிலே (ஃபேனுக்கு கரண்ட் விடுற சின்ன சுவிட்ச்), ஃபியூஸ் பாக்ஸ்ல அதே மாதிரி இன்னொரு ரிலே இருந்தா மாத்திப் போட்டுப் பாருங்க. அதுவும் சரின்னா ஃபேன் சாக்கெட்டைக் கழட்டி பேட்டரியிலேந்து நேரா 12 வோல்ட் குடுங்க, அப்பவும் அசையலைன்னா மோட்டார் போயிடுச்சு, சுத்துச்சுன்னா வயரிங் இல்லாட்டி சூட்டை அளக்குற சென்சார். எனக்கு இப்படித்தான் தேடித் தேடி கடைசில பாத்தா சாக்கெட் பின்னு கருகிக் கெடந்துச்சு. கைய மட்டும் உள்ள விடாதீங்க, இன்ஜின் ஆஃப்ல இருந்தாலும் சில வண்டியில ஃபேன் திடீர்னு சுத்தும்.

அப்புறம் போர் தண்ணி ஊத்துறத நிறுத்துங்க, உப்பு படிஞ்சு உள்ள அடைச்சுக்கும். கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி போதும், இன்ஜின் நல்லா ஆறுறதுக்கு முன்னாடி ரேடியேட்டர் மூடியத் தொடவே தொடாதீங்க.

ஃபேன் ஒழுங்கா சுத்தியும் சூடு ஏறுச்சுன்னா ஆயில் மூடியத் திறந்து பாத்து சொல்லுங்க, உள்ள பால் டீ கலர்ல இருந்தா ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீல்) போயிருக்குமோன்னு சந்தேகம், வண்டிய ஓட்டாதீங்க.