மூன்று கடை, மூன்று ஃபைல், ஒரே கணக்கு

கேள்வி: மாதுங்கா, செம்பூர், முலுண்ட் மூன்று இடத்திலும் எங்களுக்கு மளிகைக் கடை இருக்கிறது. பில் போடும் மென்பொருள் கடைக்கு ஒரு எஸ்கியூலைட் (முழுத் தரவுத்தளத்தையும் ஒரே ஃபைலில் வைக்கும் மென்பொருள்) ஃபைலில் எழுதுகிறது. சரக்குப் பட்டியல் மாதுங்கா ஃபைலில் மட்டும்தான். ஒரே ஃபைலாக்காமல் மொத்த விற்பனையைப் பார்க்க வழி உண்டா?
– வாசகர், மாதுங்கா, மும்பை

பதில்: உண்டு. ஒரே ஃபைலாக்கவே வேண்டாம். மாதுங்கா ஃபைலைத் திறந்துகொண்டு, ‘அட்டாச் டேட்டாபேஸ்’ (ATTACH DATABASE) கட்டளையில் மற்ற இரண்டுக்கும் ‘செம்பூர்’, ‘முலுண்ட்’ என்று பெயர் கொடுங்கள். முதலில் திறந்த ஃபைலின் பெயர் எப்போதும் ‘மெயின்’. இந்த இணைப்பு அந்த கனெக்‌ஷன் திறந்திருக்கும் வரைதான். மூடியதும் அவரவர் ஃபைல் அவரவரிடம்.

ஃபைல் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் எஸ்கியூலைட் பிழை சொல்லாது. அந்தப் பெயரில் புதிதாக ஒரு வெற்று ஃபைலை வைத்துக்கொள்ளும். பிறகு ‘அப்படி ஒரு டேபிள் இல்லை’ என்று வரும்போது நீங்கள் டேபிளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ‘file:’ என்று தொடங்கும் யூ.ஆர்.ஐ. வடிவில் பெயர் கொடுத்து, ‘படிக்க மட்டும்’ என்று பொருள்படும் ‘மோட்=ஆர்ஓ’ (mode=ro) சேருங்கள். ஃபைல் இல்லையென்றால் அங்கேயே பிழை வரும். கணக்கிலும் கை பட்டுவிடாது. பைத்தான் நிரலில் என்றால் கனெக்ட் செய்யும்போதே ‘யூஆர்ஐ=ட்ரூ’ (uri=True) வேண்டும்.

எந்த டேபிளையும் ‘செம்பூர்.விற்பனை’ என்று முழுப் பெயரிட்டே அழையுங்கள். மூன்று ஃபைலிலும் ‘விற்பனை’ இருக்கும்போது வெறும் பெயரைக் கொடுத்தால் மெயினில் உள்ளதை மட்டும் சத்தமில்லாமல் எடுக்கும்.

மூன்று விற்பனையையும் அடுக்க ‘யூனியன் ஆல்’தான் சரி. ‘ஆல்’ விட்டுப்போனால் ஒரே மாதிரி வரிகளில் ஒன்றுதான் மிஞ்சும். ஒரே நாளில் இரண்டு பேர் வாங்கிய அரைக் கிலோ காபித்தூள் ஒரு விற்பனையாகிவிடும். ஒவ்வொரு பகுதியிலும் கடைப் பெயரை ஒரு நெடுவரிசையாகச் சேருங்கள்; 101-ஆம் எண் பில் மூன்று கடையிலும் இருக்கும். இதை வியூவாக (பெயரிட்டுச் சேமித்த வினவலாக) வைக்க நினைத்தால் தற்காலிக வியூவாக இருக்கட்டும். சாதாரண வியூ இன்னொரு ஃபைலைத் தொட முடியாது.

சரக்குப் பட்டியலோடு ஜாயின் செய்யும், அதாவது சரக்கு எண்ணை வைத்துப் பொருத்தும், இடம்தான் தொகை கெடும் இடம். ஒரு கடையில் அந்த எண் ‘0042’, இன்னொன்றில் ‘42’ என்று டெக்ஸ்டாக இருந்தால் சேராது. கடைசியில் ஒரு காலி இடம் இருந்தாலும், சிறிய, பெரிய எழுத்து மாறினாலும் அப்படியே. சாதாரண ஜாயினில் சேராத வரிகள் காணாமல் போகும்; எல்லா விற்பனை வரிகளையும் வைத்துக்கொள்ளும் ‘லெஃப்ட் ஜாயின்’ போட்டுச் சரக்குப் பெயர் வராத வரிகளைத் தனியே பாருங்கள். விலை மாறியதால் ஒரே சரக்கு எண் பட்டியலில் இரண்டு முறை இருந்தால் அந்த விற்பனை இரட்டிப்பாகும். ஜாயினுக்கு முன் எத்தனை வரி, பின் எத்தனை வரி என்று எண்ணாமல் எந்தத் தொகையையும் நம்பாதீர்கள்.

நெட்வொர்க் வழியே கடை ஃபைலை நேரடியாகத் திறக்காதீர்கள். ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் காக்கும் பூட்டுதல் அங்கே நம்பகமாக வேலை செய்யாது. பில் போட்டுக்கொண்டிருக்கும்போது சும்மா காப்பி எடுப்பதும் ஆபத்து. பக்கத்தில் ‘-wal’ என்று முடியும் ஃபைல் இருந்தால் புதிய பில்கள் அதில்தான் இருக்கலாம். கடைக் கணினியிலேயே ‘வேக்யூம் இன்டு’ கொடுத்து நகலெடுங்கள். எஸ்கியூலைட்டின் 3.27 பதிப்பிலிருந்து இது உண்டு.

கேள்வி: தாராவியில் 14 தோல் பட்டறைகளின் கணக்கைப் பார்க்கிறேன். பதினோராவது ஃபைலை அட்டாச் செய்யும்போது பிழை வருகிறது. என்ன செய்வது?
– வாசகர், தாராவி, மும்பை

பதில்: வழக்கமான உச்சவரம்பு 10. எஸ்கியூலைட்டையே மறுபடி கம்பைல் செய்தால் 125 வரை போகலாம். உங்கள் வேலைக்கு அது தேவையில்லை. ஒரு தற்காலிக டேபிள் உருவாக்குங்கள். ஒரு ஃபைலை ‘பட்டறை’ என்ற பெயரில் அட்டாச் செய்து, வேண்டிய வரிகளை அந்தத் தற்காலிக டேபிளில் போட்டு, டிட்டாச் செய்து (இணைப்பை விடுவித்து), அடுத்த ஃபைலுக்குப் போங்கள். ஃபைல் பெயரைக் கேள்விக்குறி வைத்து வெளியிலிருந்து கொடுக்கலாம், டேபிள் பெயரை அப்படிக் கொடுக்க முடியாது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே ‘பட்டறை’: இன்சர்ட் வாக்கியத்தை மாற்றவே வேண்டியிருக்காது.

டிட்டாச் செய்யும்போது ‘பூட்டியிருக்கிறது’ என்று வந்தால் டேட்டாபேஸ் பரிவர்த்தனை முடியவில்லை என்று பொருள். பைத்தான் இன்சர்ட்டுக்கு முன் தானாகவே ஒன்றைத் தொடங்கிவிடும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘கமிட்’ கொடுத்து அதை முடித்த பிறகே டிட்டாச் செய்யுங்கள். தற்காலிக டேபிளுக்கு இன்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) வேண்டுமானால் 14 ஃபைலும் ஏறிய பிறகு போடுங்கள். முன்பே போட்டால் ஒவ்வொரு வரிக்கும் அதையும் சேர்த்துத் திருத்திக்கொண்டிருக்கும்.