12 இமேஜ் பெட்டிகளில் லூப் வழியாகப் படம் ஏற்றும்போது 424 பிழை

எக்செல் ஷீட்டில் உள்ள 12 இமேஜ் பெட்டிகளில் பத்தமடைப் பாய்ப் படங்களை விபிஏ (எக்செலின் மேக்ரோ மொழி) லூப் மூலம் ஏற்றும்போது 424 பிழை ("ஆப்ஜெக்ட் தேவை") வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். இங்கே ஐ என்பது லூப்பின் எண், பாதை என்பது படக்கோப்பு இருக்கும் இடம்.

"இமேஜ்" & ஐ என்று ஒட்டினால் கிடைப்பது வெறும் எழுத்துச்சரம். அதன் பின்னால் .பிக்சர் போட்டால் 424 வரத்தான் செய்யும். உங்கள் பெட்டிகள் ஷீட்டிலேயே இருப்பதால், லூப்புக்குள் இப்படி எழுதுங்கள்:

ஆக்டிவ்ஷீட்.ஓஎல்இஆப்ஜெக்ட்ஸ்("இமேஜ்" & ஐ).ஆப்ஜெக்ட்.பிக்சர் = லோட்பிக்சர்(பாதை)

(கட்டளைகளை எடிட்டரில் ஆங்கிலத்திலேயே அடிக்கணும்.) யூசர்ஃபார்முக்கு (தனி ஜன்னலாகத் திறக்கும் படிவம்) மட்டும்தான் மீ.கண்ட்ரோல்ஸ்("இமேஜ்" & ஐ).பிக்சர். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

அடுத்து 481 பிழை ("தவறான படம்") வந்தால், பெரும்பாலும் படம் பிஎன்ஜி என்று அர்த்தம். படத்தை ஏற்றும் லோட்பிக்சர் கட்டளைக்கு அது ஆகாது. பெயரின் வாலை மட்டும் ஜேபிஜி என்று மாற்றினால் போதாது, பெயின்ட்டில் திறந்து ஜேபெக்காகச் சேமிக்கணும்.

53 பிழை வந்தால் கோப்பு அங்கே இல்லை. ஏற்றும் முன் இஃப் டிர்(பாதை) <> "" என்று சோதியுங்கள் (டிர் என்பது கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை). ஏழாவது படம் இல்லாவிட்டாலும் லூப் நிற்காது. கோப்புக்கு "பத்தமடைப்பாய்1" என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறீர்களே, அதுவே காரணமாக இருக்கலாம். விபிஏ எடிட்டரில் தமிழ் எழுத்து கேள்விக்குறியாகிவிடும், டிர்ரும் தடுமாறும். ஆங்கில எழுத்தில் pai1 மாதிரிப் பெயர் என்றால் வம்பில்லை.

பாய் நீளமானது, பெட்டி சதுரம். படம் பெட்டியில் எப்படிப் பொருந்தணும் என்பதைச் சொல்லும் பிக்சர்சைஸ்மோட் 1 என்றால், படம் இழுபட்டு பாயின் கோரையும் பாவு நூலும் சப்பையாகத் தெரியும். 3 வையுங்கள், அளவு கெடாது.

இன்னொன்று: ஷீட்டில் ஏற்றிய படம் ஃபைலோடு சேர்ந்தே சேமிக்கப்படும், எடை ஏறும். சேமித்து மூடும் முன் ஒவ்வொரு பெட்டிக்கும் லோட்பிக்சர்("") கொடுத்துக் காலி செய்யுங்கள்.