தம்பியின் சிகிச்சைக்குத் தேயிலைத் தோட்டத்தை விற்கலாமா?

கேள்வி: 28 வயதுத் தம்பி, பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுபவன். மூன்று மாதத்துக்கு முன் லாரி மோதித் தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கோவையில் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் ஆனது. அதற்குப் பின் ‘வீட்டில் வைத்துப் பாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். சீட்டு எடுத்த 3 லட்சம் இருக்கிறது. எஃப்.டி. போடவா, ஒரு ஏக்கர் தோட்டத்தையும் விற்றுத் தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கவா? லாரியின் இன்சூரன்ஸ் தரப்பு 12 லட்சத்துக்குச் சமரசம் பேசுகிறது.
– கோத்தகிரி வாசகி

பதில்: சகோதரி, தோட்டத்தை விற்காதீர்கள். எஃப்.டி.யும் வேண்டாம். அந்த 3 லட்சம் தம்பியின் மறுவாழ்வுப் பயிற்சிக்கு.

விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தர அரசுத் திட்டம் இருக்கிறது. ஆபரேஷனுக்குக் காப்பீடு இருக்கிறது. அதற்கடுத்த மாதங்களைக் குடும்பத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள். இது பெரிய அநியாயம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறுவது, சிறுநீர்க் குழாயைத் தானே சுத்தமாகப் போட்டு எடுப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தால்தான் வரும். அது தெரியாமல் படுத்தே கிடந்தால், இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிவிடத் தவறும்போது பிட்டத்தில் லேசாகச் சிவக்கும். அந்தச் சிவப்பு புண்ணாகி எலும்புவரை இறங்கும். பிறகு காய்ச்சல், மறுபடி மலை இறங்கி ஆஸ்பத்திரி. தோட்டம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் அந்தச் செலவில்தான்.

ஆகவே சில வாரமாவது தங்கிப் பயிற்சி பெறும் இடத்தில் சேருங்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இதைச் செய்கிறது. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. இரண்டும் நமக்குத் தூரம்தான். முதலில் போன் செய்து செலவையும் சலுகையையும் கேளுங்கள். துணைக்குப் போகிறவரும் கற்றுக்கொண்டு வரட்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வர ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியுங்கள். நல்ல உதவி, ஆனால் எப்போதாவது வந்துபோவது தினசரிப் பயிற்சிக்கு ஈடாகாது.

நம் ஊரில் பல வீடுகளுக்குப் படி இறங்கித்தான் போகணும். சரிவுப் பாதைக்கும், குளியலறைக் கதவை அகலமாக்கவும் 50,000 ஒதுக்குங்கள்.

இனி அந்த 12 லட்சம். கையெழுத்துப் போடாதீர்கள், போட்டால் பிறகு கேட்க வழியில்லை. உதவியாளர் செலவையும் வயதுக்கான பெருக்கெண்ணால் (ஒரு வருடத் தொகையை எத்தனையால் பெருக்குவது என்று வயதை வைத்துச் சொல்லும் எண்) கணக்கிட வேண்டும் என்று, விபத்தில் அடிபட்ட காஜல் என்ற சிறுமியின் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 28 வயதுக்குப் பெருக்கெண் 17. உதவியாளருக்கு மாதம் 10,000, வருடத்துக்கு 1,20,000 என்றாலே, 17ஆல் பெருக்கினால் 20 லட்சத்து 40 ஆயிரம். வருமான இழப்பு, வருங்கால வைத்தியம், வலிக்கான இழப்பீடு எல்லாம் தனி.

இழப்பீடு கேட்டு வழக்குப் போடச் சட்டம் சொல்லும் கெடு விபத்திலிருந்து 6 மாதம். உங்களுக்குப் பாதி போய்விட்டது. இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவிக்கும் கையோடு மனுக் கொடுங்கள். மருந்துக்கடை ரசீது, டாக்ஸி வாடகை, டயப்பர் பில் என்று ஒன்றையும் விடாமல் தேதிவாரியாக ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.