‘கட்டத் தவறிய’ என்றால் தப்பு செய்த என்று அர்த்தமா?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். ‘பராமரிப்புக் கட்டணம் கட்ட தவறிய உறுப்பினர்கள்’ என்று தலைப்புப் போட்டு, ஆறு வீட்டு எண்களை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். ஒரு பெரியவர் “நான் என்ன தப்பு பண்ணினேன்?” என்று சண்டைக்கு வந்துவிட்டார். நான் எழுதியது பிழையா?

பதில்: ஒரே ஒரு எழுத்துதான் பிழை. ‘கட்டத் தவறிய’ என்று ‘த்’ போட்டு எழுத வேண்டும். ‘கட்ட’, ‘செய்ய’, ‘வர’ போன்ற எச்சங்களுக்குப் பின் வல்லினம் மிகும். ஆனால் அந்தப் பெரியவர் ஒற்றுக்காகச் சண்டை போடவில்லை!

‘தவறு’ பெயராக நின்றால் பிழை, குற்றம். வினையாக வரும்போது, இருக்க வேண்டிய இடத்திலிருந்து நழுவுவது. குறி தவறியது, கால் தவறி விழுந்தார், வாக்குத் தவறிவிட்டார். கால் தவறி விழுந்தவரை யாரும் குற்றவாளி என்பதில்லை. ‘கட்டத் தவறிய’ என்பதும் அப்படித்தான். கட்ட வேண்டியிருந்தும் கட்டாத என்று பொருள். அந்த ‘வேண்டியிருந்தும்’தான் உறுத்துகிறது. ‘கட்டாத’ என்றால் வெறும் தகவல். ‘கட்டத் தவறிய’ என்றால் கடமையை ஞாபகப்படுத்துகிற தொனி வந்துவிடும்.

வரப்போகும் நாளைப் பற்றிப் பேசும்போது அந்தத் தொனி தேவைதான். ‘15ஆம் தேதிக்குள் செலுத்தத் தவறினால் அபராதம் உண்டு’ என்பதில் யார் மனமும் புண்படாது. முடிந்துபோனதைச் சொல்லி, கூடவே ஆளையும் சுட்டும்போதுதான் சுருக்கென்று குத்துகிறது.

இடம் போதவில்லை என்று ‘தவறியவர்கள் பட்டியல்’ எனச் சுருக்கிவிடாதீர்கள். “அவர் போன வருஷம் தவறிட்டார்” என்றால் நம்மூரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

செய்யாமல் போனதைச் சொல்லத் தமிழில் வேறு சொற்களும் உண்டு. ரசீதில் ஒருவர் பெயரைக் காணோம் என்றால், “பெயர் விட்டுப்போச்சு” என்பீர்களா, “பெயரை விட்டுட்டேன்” என்பீர்களா? முதலாவதில் பெயர் தானாகவே நழுவிய மாதிரி இருக்கும், எழுதியவர் தப்பித்துக்கொள்வார். இரண்டாவதில் பொறுப்பு உங்கள் தலையில். எழுத்தில் ‘விடுபட்ட பெயர்கள்’ என்பது முதல் வகை. வேண்டுமென்றே செய்யாமல் இருந்தால் அது ‘தவிர்த்தல்’. பஸ், சந்தர்ப்பம் போன்றவற்றுக்குத் ‘தவறவிட்டேன்’ என்பதே சரி. அதைக் கட்டணத்துக்குக் கொண்டுவர முடியாது.

செய்யாமல் விடுவதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். ‘செய்தக்க செய்யாமை யானுங் கெடும்’ என்று குறள் (466) அதைத் தகாததைச் செய்வதற்குச் சமமாக வைக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும் அப்படித்தான் பார்த்தது. ஒருவரைக் கொல்லும் நோக்கத்தோடு பாதி அடித்தும், பாதி சோறு போடாமல் விட்டும் சாகடித்தால் அதுவும் கொலைதான் என்று 36ஆம் பிரிவு உதாரணமே காட்டியது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘மழை பெய்யத் தவறியது’, ‘படம் கவரத் தவறியது’ என்றெல்லாம் இப்போது எழுதுகிறார்கள். மழைக்கு என்ன கடமை? அதற்கு ‘மழை பொய்த்தது’ என்று நல்ல தமிழ் இருக்கிறது. படமா, எடுபடவில்லை.

சரி, உங்கள் நோட்டீஸுக்கு வருவோம். ஆளை விட்டுவிட்டுப் பணத்தைப் பற்றி எழுதுங்கள். ‘நிலுவை’ என்ற சொல் எதற்கு இருக்கிறது? இப்படி ஒட்டலாம்:

‘பராமரிப்புக் கட்டணம் நிலுவையில் உள்ள வீடுகள். மாத இறுதிக்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே செலுத்தியிருந்து இதில் எண் வந்திருந்தால், ரசீதோடு செயலாளரைப் பார்க்கவும்.’

கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். அந்தப் பெரியவர் ஒருவேளை கட்டியே இருக்கலாம், நீங்கள் பதிவேட்டில் ஏற்றத் தவறியிருக்கலாம்.